மணி பிளான்ட்டைத் தூக்கிப் போடணுமா?

வீட்டுக்குப் பூனைக்குட்டியோ நாய்க்குட்டியோ வந்த ஒரு வாரத்தில் இந்தக் கேள்வி எழுந்துவிடும். செல்போனில் தேடியிருப்பார்கள், 'விஷச்செடி' என்று சிவப்பு எழுத்தில் பார்த்திருப்பார்கள். ஐந்து வருடமாக ஹால் ஜன்னலில் படர்ந்திருக்கும் கொடியை அன்றைக்கே பிடுங்கிவிடலாமா என்று கேட்பார்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கொஞ்சம் நிதானமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

விஷம் என்று சொல்லும்போது அதில் வாய் அரிப்பும் அடக்கம், வயிற்றுப்போக்கும் அடக்கம், மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுபோய்ச் சாவதும் அடக்கம். இணையத்துப் பட்டியல்கள் இந்த மூன்றையும் ஒரே வரிசையில் நிற்க வைத்துவிடுகின்றன. எந்தச் செடி என்ன செய்யும் என்று பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி நியாயமான பயம், அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

மணி பிளான்ட்டிலிருந்தே தொடங்கலாம். அது சேம்பு, கருணை இவற்றின் குடும்பம். சேப்பங்கிழங்கை நறுக்கினால் கை ஏன் அரிக்கிறது, சரியாக வேகாத கருணை தொண்டையை ஏன் பிடிக்கிறது? கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, ஊசி ஊசியான படிகங்களாக அந்தச் செடிகளின் செல்களுக்குள் கட்டுக்கட்டாக இருக்கிறது. கடித்ததும் அந்த ஊசிகள் வெளியே பாய்ந்து நாக்கிலும் ஈறிலும் குத்துகின்றன. மணி பிளான்ட் இலையிலும் இதேதான். டைஃபன்பேக்கியா, ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, அக்லோனிமா, சிங்கோனியம், ஆந்தூரியம், பீஸ் லில்லி, இசட் இசட் என்று நர்சரியில் நிழல்செடிப் பக்கம் நீங்கள் பார்க்கும் பெரும்பகுதி இந்த ஒரே குடும்பம். இவற்றில் முரட்டு ஆள் டைஃபன்பேக்கியா. மற்றவை அதைவிடச் சாது.

நாயோ பூனையோ இதைக் கடித்தால் உடனே எச்சில் வடியும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், சில சமயம் வாந்தி எடுக்கும், ஒருவேளை சாப்பாட்டை ஒதுக்கும். வலி கடித்த நொடியிலேயே வந்துவிடுவதால் பெரும்பாலும் ஒரு வாய்க்கு மேல் தின்னாது. அபூர்வமாகத் தொண்டை வீங்கி மூச்சு திணறலாம். அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். மற்றபடி ஈரத்துணியால் வாயைத் துடைத்து, தண்ணீர் காட்டி, ஒரு ஸ்பூன் தயிரோ பாலோ கொடுத்துக் கவனித்தால் போதும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சேம்புக்கும் கருணைக்கும் நம் அடுக்களையில் புளி சேர்ப்பதால், அதே கைவைத்தியத்தை நாயிடம் காட்டத் தோன்றும். நாய்க்குப் புளித்தண்ணீர் கொடுக்கவே கூடாது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நெடுநாளாகத் தெரியும். எதனால் என்பதுதான் புதிராக இருந்தது. அமெரிக்காவில் விலங்குகளுக்கான நச்சு உதவி மையம் நடத்தும் ஏஎஸ்பிசிஏ அமைப்பின் மருத்துவர்கள் 2021இல் டார்டாரிக் அமிலத்தைக் காரணமாகச் சுட்டினார்கள். அடுத்த ஆண்டு, புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றிய மருத்துவக் கட்டுரையும் வந்தது. புளியின் புளிப்பு முக்கியமாக அந்த அமிலத்தால்தான். ரசஞ்சோறு தின்றே வளர்ந்த நாய் எங்கள் தெருவில் இருக்கிறதே என்பீர்கள். நீர்த்த ரசத்துக்கும் கரைத்த புளிக்கும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு, எல்லா நாயும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதும் இல்லை. தெரிந்தே கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

ஆக, மணி பிளான்ட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எட்டாத இடத்துக்கு மாற்றினால் போதும். நாய் இருக்கும் வீட்டில் 'எட்டாத இடம்' என்றால் அலமாரி மேல். பூனை இருக்கும் வீட்டில் அப்படி ஓர் இடமே கிடையாது. ஃபிரிட்ஜ் உச்சியும் பரணும் அதற்கு நடைபாதை. கதவு சாத்திய அறை, அல்லது கூரைக் கொக்கியில் தொங்கி, கீழே தாவி ஏற நாற்காலி எதுவும் இல்லாத தொட்டி, இந்த இரண்டைத்தான் நம்பலாம். எதையும் விடாமல் கடிக்கும் பருவத்து நாய்க்குட்டி என்றால் பக்கத்து வீட்டில் ஆறு மாதம் கொடுத்து வையுங்கள். கேட்காமலே வெட்டி இரண்டு கொடியாக்கித் திருப்பித் தருவார்கள்.

அடுத்து வயிற்றைக் கெடுக்கும் வகை. இப்போது எல்லா வீட்டிலும் நிற்கும் ஸ்னேக் பிளான்ட் (நம் ஊர் மருளின் உறவு), டிரசீனா, அதே இனத்தைச் சேர்ந்த 'லக்கி பாம்பூ', ஜேட், கற்றாழை. நுரை தரும் சப்போனின்களும், கற்றாழை மடலின் தோலுக்கடியில் இருக்கும் மஞ்சள் பாலும் வாந்தியையும் பேதியையும் கொண்டுவரும். அநேகமாகத் தானாகச் சரியாகும், ஆனால் குட்டிக்கு நீர்ச்சத்து வற்றினால் ஆபத்து. பலரும் எதிர்பார்க்காத பெயர் ஒன்று இந்த வகையில் உண்டு, கற்பூரவல்லி. சளிக்குக் குழந்தைக்குக் கொடுக்கும் இலைதான். அதிலுள்ள எண்ணெய்கள் நாய்க்கும் பூனைக்கும் வயிற்றைப் புரட்டும், சில சமயம் பேதியில் ரத்தமும் வரும் என்று ஏஎஸ்பிசிஏ அதை நச்சுப் பட்டியலில் வைத்திருக்கிறது. வாசனையே தடுத்துவிடும் என்பதால் நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பால்கனி கிரில்லுக்கு வெளிப்பக்கம் இருந்தால் சரி.

இனி நியாயமான பயத்துக்கு வருவோம்.

பூனை இருக்கும் வீட்டுக்குள் லில்லி வரவே கூடாது. வரவேற்பு நிகழ்ச்சிப் பூங்கொத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பெரிதாக விரிந்து, நடுவில் காவி நிற மகரந்தம் உதிர்க்குமே, அந்த அசல் லில்லியும், தோட்டத்தில் வளரும் டே லில்லியும் பூனைக்கு எமன். இலை, இதழ், மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எல்லாமே. பூனை தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் உரசிப் போனால் மகரந்தம் உடம்பில் ஒட்டும், நக்கிச் சுத்தம் செய்யும்போது உள்ளே போய்விடும். சில மணி நேரத்தில் வாந்தி, சோர்வு. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீரகச் செயலிழப்பு. இடையில் பூனை தேறியதுபோல் தெரிவதும் உண்டு, அதை நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. சிறுநீர் நின்ற பிறகு மருத்துவர் செய்வதற்கு அதிகம் இல்லை. காரணமான வேதிப்பொருளை இன்னும் யாரும் பிரித்தெடுக்கவில்லை. இதே லில்லியை நாய் தின்றால் வயிற்று உபாதையோடு போய்விடும். நாய் வளர்ப்பவர் பூனை வளர்ப்பவருக்குச் சொல்லும் யோசனையை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நாய்க்கு எமன் சேகோ பாம். கட்டையான தண்டில் பச்சை இறகுகளை வட்டமாகச் செருகியதுபோல் ஹோட்டல் வாசல்களில் நிற்கும். இப்போது சிறு தொட்டியில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இதிலுள்ள சைகாசின் ஈரலைக் கெடுக்கும். செடி முழுக்க நச்சு என்றாலும் விதையில் மிக அதிகம். ஒன்றிரண்டு விதை ஒரு நாயைக் கொல்லும். சேலத்து ஜவ்வரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது மரவள்ளி மாவு.

இன்னும் இருக்கின்றன. பால்கனி பால்கனியாகப் பூக்கும் அடீனியம் நம் அரளியின் சொந்தம். இரண்டிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைகோசைடுகள் உண்டு. ஆப்பிரிக்காவில் அடீனியத்தின் சாற்றை அம்பு முனையில் தடவி வேட்டையாடினார்கள். பூஜைக்குக் கிள்ளி வைத்த அரளிப்பூ தரையில் உதிர்ந்து கிடந்தால் கூட்டி எடுத்துவிடுங்கள். சிறு சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும் கலஞ்சோ, அதன் இனமான ரணகள்ளி இரண்டும் இதே கதைதான். மாநில மலரான செங்காந்தளில் கொல்கிசின். வேலியோரக் குன்றிமணியில் ஆப்ரின். இவை எதையும் பிராணி இருக்கும் வீட்டில் 'எட்டாத இடத்தில்' வைக்க நான் சொல்ல மாட்டேன். கொடுத்துவிடுங்கள்.

கடையில் சொல்லும் பெயரை நம்பினால் இந்த வகைப்பாடெல்லாம் வீண். பீஸ் லில்லி லில்லியே அல்ல, சேம்புக் குடும்பம். பூனைக்கு வாய் அரிக்கும், உயிர் போகாது. சேகோ பாம் பனைக் குடும்பம் அல்ல. ஆஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணி அல்ல, அதன் சிவப்புப் பழம் வயிற்றைக் கெடுக்கும். உண்மையான பெரணியான பாஸ்டன் ஃபெர்ன் முழுக்கப் பாதுகாப்பானது. மணி பிளான்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. நாம் அப்படி அழைப்பது எபிப்ரெம்னம் என்ற கொடியை. வெளிநாட்டுப் பக்கங்களில் 'மணி ட்ரீ' என்றால் பக்கிரா, 'சைனீஸ் மணி பிளான்ட்' என்றால் பைலியா. அவை இரண்டும் பாதுகாப்பானவை. வேறு சில இடங்களில் அதே பெயர் ஜேட் செடிக்கு. மணி பிளான்ட் நல்லது என்று எங்கோ படித்தால், எந்த மணி பிளான்ட் என்று கேட்காமல் நம்பாதீர்கள். நர்சரிக்காரரிடம் தாவரவியல் பெயரைக் கேளுங்கள். தெரியாது என்றால் படம் எடுத்துவந்து சரிபார்த்துவிட்டு மறுநாள் வாங்குங்கள், செடி எங்கும் ஓடிவிடாது.

'காற்றைச் சுத்தம் செய்யும்' என்ற அட்டையைப் பார்த்துச் செடி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1989இல் நாசாவுக்காக நடந்த சோதனை, மூடிய சிறு பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. அதில் பீஸ் லில்லி, ஸ்னேக் பிளான்ட், டிரசீனா எல்லாம் இருந்ததால் இவை புகழ் பெற்றன. 2019இல் அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டும் என்றார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அட்டைக்காக நாய் கடிக்கக் கூடாத செடியை வாங்க வேண்டாம்.

சரி, எதைத்தான் வாங்குவது? உயரமாக, ஹால் மூலையை நிறைக்க வேண்டுமென்றால் அரேகா பாம். மடகாஸ்கரிலிருந்து வந்தது, நம் ஊர் வெக்கையைத் தாங்கும், நாய் இலையைக் கிழித்தாலும் ஒன்றும் ஆகாது. ஜன்னலோரமாக, பகலில் விளக்குப் போடாமல் நாளிதழ் படிக்க முடிகிற வெளிச்சம் அதற்குப் போதும். சென்னையில் இதன் இலைநுனி காய்ந்து பழுப்பாவதைப் பார்த்து நோய் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் போர்த்தண்ணீரின் உப்பு. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை மிச்சம் பிடித்து ஊற்றினால் இன்னும் மோசமாகும், அதில் உப்பு கூடுதல். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. வாளி வைத்துப் பிடித்து அழகுச்செடிகளுக்கு ஊற்றலாம். அந்த வாளியில் நாய் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிதாக வேண்டுமென்றால் ஸ்பைடர் பிளான்ட். இது அடி வாங்கி வளரும் செடி. தொங்கும் குட்டிகளைப் பூனை விளையாட்டுப் பொருள் என்றே நினைக்கும். நிறையத் தின்றால் ஒருமுறை வாந்தி எடுக்கலாம், நச்சு எதுவும் இல்லை. கலாத்தியாவும் மராண்டாவும் அழகு, ஆனால் ஏ.சி. அறையில் சுருண்டுகொள்ளும். பொறுமை உள்ளவர்களுக்கே சொல்வேன். பெப்பரோமியா, ஹோயா, பறவைக்கூடு பெரணி, வெளிச்சம் குறைந்த வரவேற்பறைக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா, எல்லாம் பயமில்லாதவை. கற்றாழை போன்ற தோற்றம் பிடிக்கும் என்பவர்கள் ஹாவொர்தியா வாங்கலாம், அதில் அந்த மஞ்சள் பால் தொல்லை இல்லை. பால்கனியில் வெயில் விழுந்தால் மல்லிகை வையுங்கள். ஏஎஸ்பிசிஏ பட்டியலில் மல்லிகை இனம் நாய்க்கும் பூனைக்கும் பாதுகாப்பானது என்றே இருக்கிறது. ரோஜாவும்தான், முள் ஒன்றே கவலை.

நர்சரிச் செடியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். கொண்டுவந்ததும் இலைகளை நன்றாகக் கழுவி, ஒன்றிரண்டு வாரம் பிராணி வராத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டியைவிட மண்தொட்டி நல்லது, வாலாட்டலுக்கும் தாவலுக்கும் சாயாது. மண்ணைப் பறிக்கும் நாய், தொட்டியையே கழிப்பிடமாக்கும் பூனை, இரண்டுக்கும் ஒரே மருந்து: மண்ணின் மேல் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து அடுக்குங்கள், அல்லது பெரிய கூழாங்கல் பரப்புங்கள். பூனை வராமலிருக்க அந்துருண்டை போடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதன் நாஃப்தலீன் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அடித்தட்டில் தேங்கும் நீரில் உரம் கரைந்திருக்கும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். அன்றன்றைக்குக் கொட்டிவிடுங்கள்.

உரம் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். செடியைப் பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள்கூட உரத்தில் கோட்டை விடுகிறார்கள். 'இயற்கை உரம்' என்று விற்கும் கலவைகளில் ஆமணக்குப் புண்ணாக்கும் எலும்புத்தூளும் இருப்பதுண்டு. எலும்புத்தூள் வாசனை நாயை இழுக்கும். சரியாகச் சூடேற்றிப் பதப்படுத்தாத ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கடும் நச்சு மிஞ்சியிருக்கும். இரண்டும் ஒரே பையில் இருந்தால், நாய்க்கு விருந்து வைத்து விஷம் பரிமாறிய கதை. உறையில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதாத உரத்தை வாங்காதீர்கள். நன்கு மக்கிய மண்புழு உரமும் தேங்காய் நார்க்கழிவும் செம்மண்ணும் கலந்தாலே வீட்டுச் செடிக்குப் போதும். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள். எதைத் தெளித்தாலும் இலை காயும்வரை பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஈரத்தை உரசிவிட்டு நக்கும்.

இவ்வளவு செய்தும் பூனை செடியைக் கடிக்கும். அதைக் கெட்ட பழக்கம் என்று அடித்துப் பயனில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் கேட்டபோது, பத்தில் ஏழு பேர் தங்கள் பூனை குறைந்தது ஆறு முறையாவது செடி தின்றதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலான பூனைகளுக்கு அதற்கு முன் உடம்பு சரியில்லாமல் இருந்ததாகவும் தெரியவில்லை. குடல்புழுவை வெளியேற்றப் புல் தின்ற மூதாதையரின் வழக்கம் ரத்தத்தில் தங்கிவிட்டது என்பது அவர்கள் ஊகம். அப்படியானால் அதற்கென்று ஒரு புல்லைக் கொடுத்துவிடுவதுதான் சரி.

கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, அகலமான தட்டில் நார்க்கழிவு பரப்பித் தூவி, முளைப்பாரி போல இரண்டு நாள் மூடி இருட்டில் வைத்து, பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் விரல் நீளப் புல் நிற்கும். ஒரு தட்டு தீர்வதற்குள் அடுத்ததை ஊறவைத்துவிடலாம். கோதுமையை மளிகைக் கடையில் வாங்குங்கள். விதைக்கடைத் தானியத்தில் பூஞ்சணக்கொல்லி பூசியிருக்கும். சோளம் வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுந்துவிடும் என்பதைக் கிராமத்தில் யாரும் சொல்வார்கள், அதன் இளந்தழையில் சயனைடு உருவாகும்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை அதன்மேல் புரண்டு கிறங்கும், பார்க்கவே சிரிப்பாக இருக்கும். இணையத்தில் விற்கும் 'கேட்னிப்'புக்குப் பதில் இதையே வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். முகர்ந்து புரளட்டும், பிறகு எடுத்துவிடுங்கள். அதில் அகாலிபின் என்ற சயனைடு சார்ந்த பொருள் இருக்கிறது, மேயக் கொடுக்கும் செடி அல்ல அது.

கடைசியாக, ஏதோ தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே ஆளைக் கவிழ்க்கும். வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு, கடிபட்ட இலை, பூ, விதை எதுவானாலும் ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். முடிந்தால் முழுச் செடியையும் ஒரு படம் எடுங்கள். எத்தனை மணிக்கு, சுமார் எவ்வளவு, குட்டியின் எடை என்ன என்ற மூன்றும் மருத்துவருக்குத் தேவை. லில்லி, சேகோ, அரளி, அடீனியம் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ராத்திரியிலும் போன் எடுக்கும் கால்நடை மருத்துவர் யார் என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.